மறுதலித்தவன் சாட்சியானான்

வேதபகுதி: லூக்கா 22:31-34, 54-62, யோவான் 21:1-19, அப்போஸ்தலர் 3:1-19

பாவமன்னிப்பைப் பெற்றதாக விசுவாசிக்கிற அநேகர், அதைக் குறித்துப் பிறரிடம் பேசத் தயங்குகிறார்கள். பேச்சுத்திறன் இல்லாதது மட்டும் அதற்குக் காரணமல்ல. அவர்களுடைய பழைய வாழ்க்கையை அறிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். "இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சம் நாவைக் கட்டிவிடுகிறது. இந்த அச்சத்துக்கு அப்போஸ்தலனாகிய பேதுருவின் வாழ்க்கையில் விடை உண்டு.

1. முற்றத்தில் விழுந்தவன்

பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தான். அவனை முதலில் கேட்டது படைத்தலைவன் அல்ல, ஒரு வேலைக்காரப் பெண். சேவல் கூவிய வேளையில் கர்த்தர் திரும்பி அவனை நோக்கிப் பார்த்தார் என்பதை லூக்கா மட்டுமே எழுதியிருக்கிறார். அந்தப் பார்வை பேதுருவை உடைத்தது. அவன் வெளியே சென்று அழுதான்.

ஆயினும், அவன் விழுவதற்கு முன்னரே கர்த்தர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். குணப்பட்ட பின்பு சகோதரரை ஸ்திரப்படுத்தும் பொறுப்பையும் அப்போதே கொடுத்திருந்தார் (லூக்கா 22:32). அவனது வீழ்ச்சி அவருக்கு எதிர்பாராத ஒன்றல்ல.

2. கரையில் மன்னிக்கப்பட்டவன்

உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, சீஷர்களுக்கு உணவு ஆயத்தம் செய்தார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று பேதுரு மறுதலித்த முற்றம் (யோவான் 18:18). மற்றொன்று இந்தக் கடற்கரை (யோவான் 21:9). மூன்று முறை மறுதலித்தவனிடம், தம்மை நேசிக்கிறாயா என்று கர்த்தர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான்.

நடந்தது ஒன்றுமில்லை என்று கர்த்தர் மூடி மறைக்கவில்லை. அவனைத் தள்ளிவிடவும் இல்லை. மன்னிப்பு என்பது பாவத்தைச் சிறிதாக்கிக் காட்டுவதன்று. அதற்குரிய விலை சிலுவையில் செலுத்தப்பட்டது. கிறிஸ்து தம் சரீரத்தில் பாவங்களைச் சுமந்தார் என்று பின்னாளில் எழுதியவனும் இதே பேதுருவே (1 பேதுரு 2:24). மன்னித்தவர், தம்முடைய ஆடுகளையும் அவன் கையில் ஒப்படைத்தார்.

3. மண்டபத்தில் பேசியவன்

பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின்பு, பிறவியிலேயே நடக்க இயலாதிருந்த ஒரு மனிதன் தேவாலயத்தின் அலங்கார வாசலருகே சுகம் பெற்றான். அவனுக்கு வயது 40-க்கு மேல். சாலொமோன் மண்டபத்தில் கூடிய ஜனங்களிடம் பேசிய பேதுரு, அவர்கள் பரிசுத்தரை மறுதலித்தார்கள் என்று இருமுறை சொல்லுகிறான் (அப்போஸ்தலர் 3:13, 14). தன் குற்றத்தைச் சுட்டும் அதே சொல்லை எடுக்க அவனுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? அந்தப் பாவம் மன்னிக்கப்பட்டிருந்தது. ஆகையால் அதன் பெயரைச் சொல்ல அவன் நடுங்கவில்லை.

அடுத்து வருவது கவனிக்கத்தக்கது. அவர்கள் அறியாமையினால் செய்தார்கள் என்று பரிவோடு சொல்லி, அவர்களைச் சகோதரர் என்றே அழைக்கிறான் (வச. 17). பின்பு மனந்திரும்பிப் பாவநிவிர்த்தி பெறும்படி அழைக்கிறான் (வச. 19). தான் நின்ற இடத்திலேயே அவர்களும் நிற்பதைக் கண்டவனின் பேச்சு இது.

4. சாட்சிக்குரிய தகுதி

மனந்திரும்புதலும் பாவமன்னிப்பும் எருசலேம் தொடங்கிச் சகல தேசத்தாருக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை (லூக்கா 24:47). எருசலேம் பேதுரு விழுந்த பட்டணம். ஊழியம் அங்கேதான் தொடங்கியது. விசுவாசியின் எருசலேம் அவனுடைய வீடு, தெரு, வேலைத்தலம். அங்கே அவன் குறைகளை அறிந்தவர்கள் உண்டு. ஒருவரிடம் கடன் தீர்க்க வேண்டியிருக்கலாம். மற்றொருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம். அவற்றைச் செய்யாமல் பேசும் வார்த்தை செவியோடு நின்றுவிடும்.

தன் பாவத்தை மறந்தவன் கடிந்து பேசுவான். மன்னிப்பை மறந்தவன் பேசவே மாட்டான். இரண்டையும் நினைவில் வைத்தவன் தாழ்மையோடு பேசுவான். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற எவருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதினான் (1 பேதுரு 3:15). ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாதவன் எழுதிய ஆலோசனை அது.

சிந்திக்க:

1. பேதுருவின் மனத்துக்கமும் யூதாஸின் மனத்துக்கமும் எவ்விதத்தில் வேறுபட்டன?

2. சாட்சி சொல்லத் தடையாக நிற்கும் பழைய பாவம் எது? அது கர்த்தரிடம் அறிக்கையிடப்பட்டதா?

3. சாட்சி சொல்லுமுன் ஒப்புரவாக வேண்டியவர் யார்?