குடைமிளகாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆரணிப் பட்டின் புகழில் பங்கு கொண்ட போளூர் வட்டாரத்தில், கத்தரியும் வெண்டையும் காரமிளகாயும் கொல்லை நிறைய விளைவிக்கத் தெரிந்த குடும்பங்கள் பல, குடைமிளகாயை மட்டும் ஒரு தடவை நட்டுப் பார்த்து, பூக்கள் உதிர்ந்தவுடன் ‘இது நமக்கு வாய்க்காது’ என்று கைவிட்டுவிடுகின்றன. அவ்வாறு கைவிடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை செடியின் சுபாவத்தை அறியாமல் மண்ணின்மேலும் விதையின்மேலும் அதிர்ஷ்டத்தின்மேலும் பழி சுமத்தும் அபிப்பிராயங்களே என்பது புலப்படும். அச்செடி நம்மிடம் முக்கியமாகக் கேட்பவை இரண்டு: ஏற்ற பருவம், மாறாத ஈரம்.

நம்பிக்கை: குடைமிளகாய் குளிர்ப் பிரதேசத்துப் பயிர், போளூரில் காய்க்காது.

உண்மை: ஓசூரிலும் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அது செழித்து வளர்வதைக் கண்டவர்கள் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், மெக்சிகோ முதலிய தேசங்களில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மிளகாய் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். காரமிளகாய்க்கு இடங்கொடுத்த நம் மண் இதற்கும் இடங்கொடுக்கும். பகலில் 20 முதல் 28 பாகை வரையிலும், இரவில் 16 முதல் 20 பாகை வரையிலும் உஷ்ணம் இருந்தால் பூக்கள் நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். பகல் உஷ்ணம் 32 பாகையைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாதிருந்தால் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். ஆகவே, 40 பாகை வரை கொதிக்கும் சித்திரையில் பூக்குமாறு நட்டுவிட்டு ஊரைக் குறை கூறுவது நியாயமன்று. ஆவணிக் கடைசியில் நாற்றுவிட்டு, 35 முதல் 40 நாள் வயதான நாற்றுகளை ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டால், கார்த்திகை, மார்கழிக் குளிரில் பூத்து, தையிலும் மாசியிலும் காய் தரும்.

நம்பிக்கை: எவ்வளவு வெயில் படுகிறதோ அவ்வளவு காய்க்கும்.

உண்மை: வெயில் அவசியந்தான், ஆறு மணி நேரமாவது வேண்டும். ஆனால், அது காலை வெயிலாக இருப்பது உத்தமம். மாசி பிறந்தபின் நம் ஊர்ப் பிற்பகல் வெயில், இலை மறைவில்லாத காயின் ஒரு பக்கத்தை வெளுக்கச் செய்து, காகிதம்போல் உலர்த்தி, பின்பு அழுகவும் வைத்துவிடும். மேற்குப் புறத்தில் ஓர் அகத்தியோ முருங்கையோ நின்றால் போதும். மாடித்தோட்டமாயின், 35 அல்லது 50 சதவீத நிழல்வலையைக் கட்டிவிடலாம்.

நம்பிக்கை: அடியில் நான்கு புடைப்புள்ளது பெண் காய், மூன்றுள்ளது ஆண் காய்.

உண்மை: கைபேசிச் செய்திகளால் பரவியிருக்கும் இச்சித்தாந்தத்துக்கு ஆதாரமே கிடையாது. குடைமிளகாயின் ஒவ்வொரு பூவிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே அமைந்திருக்கின்றன; அப்பூ காயான பிறகு அதில் ஆண், பெண் என்ற பேதம் ஏது? புடைப்புகளின் எண்ணிக்கை, சூலகத்தின் அறைகளையும், விதையின் ரகத்தையும், பூத்த காலத்துச் சீதோஷ்ணத்தையும் பொறுத்தது.

நம்பிக்கை: பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றும் தனித்தனி ஜாதி.

உண்மை: பச்சை என்பது பழுக்காத பருவம். அதே காயை இன்னும் மூன்று வாரம்போலச் செடியிலேயே விட்டால், ரகத்துக்கேற்பச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பழுக்கும். இனிப்பும் வைட்டமின் சி சத்தும் விருத்தியாகும்.

நம்பிக்கை: காரமிளகாய்க்குப் பக்கத்தில் நட்டால் குடைமிளகாயும் காரமாகிவிடும்.

உண்மை: காரம் ஊறுவது காய்க்குள்ளிருக்கும் வெண்ணிற நரம்பில், அந்த நரம்பும் சதையும் தாய்ச்செடியின் உடலைச் சேர்ந்தவை. தேனீ எந்த மகரந்தத்தைக் கொண்டுவந்தாலும் இந்த வருஷத்துக் காயின் ருசி மாறாது. மாற்றம் நேர்வது உள்ளேயிருக்கும் விதையில்தான். அவ்விதையை எடுத்து மறு வருஷம் விதைத்தால் காரக்காய் பிறக்கக்கூடும். கடையில் வாங்கிய காயின் விதையை நம்பவொண்ணாமைக்குக் காரணமும் இதை ஒட்டியதே: அது பெரும்பாலும் கலப்பின விதை, தாயைப் போன்ற குணம் அதில் நிலைக்காது. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா மோகினி, அர்க்கா கௌரவ் போன்ற ரகங்களின் விதையை வாங்கி விதைப்பதே விவேகம்.

நம்பிக்கை: காயின் அடி கறுத்து அழுகினால், முட்டையோட்டை நொறுக்கி வேரில் போட வேண்டும்.

உண்மை: அடியழுகல் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது என்பது மெய், அச்சத்து மண்ணில் இல்லாமையே காரணம் என்று எண்ணுவதுதான் பிழை. சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடுதான் செடிக்குள் பயணம் செய்கிறது. இரண்டு நாள் மண்ணைக் காயவிட்டு, மூன்றாம் நாள் குடம் குடமாகக் கொட்டினால் அப்பயணம் தடைப்பட்டு, நீரை அதிகம் இழுக்காத காயே முதலில் பட்டினி கிடக்கிறது. முட்டையோடு மட்கப் பல மாதங்கள் ஆகும். அதைப் பொடித்து எருக்குழியில் சேர்ப்பது நன்று, ஆனால் இன்று அழுகும் காயை அது காப்பாற்றாது. வேரைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்காக இட்டு, அளவான நீரைத் தவறாமல் விடுவதே சிகிச்சை. யூரியாவை மிகுதியாக இடுவோர் இருவகையில் நஷ்டமடைகிறார்கள்: இலை தழைத்துக் காய் குறைகிறது, அடியழுகலும் அதிகரிக்கிறது.

நம்பிக்கை: இலை சுருண்டால் கண்திருஷ்டி.

உண்மை: இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிலந்திப்பூச்சி. முன்னதற்கு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். பின்னதற்கு நனையும் கந்தகம் உதவும். ஆனால், இரண்டையும் அடுத்தடுத்துத் தெளித்தால் இலை கருகிவிடும். பீடி, சுருட்டு, புகையிலை தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் செடியைத் தொடக்கூடாது; புகையிலையிலுள்ள தேமல் வைரஸ் கைவழியாகவே மிளகாய்க் குடும்பத்துக்குத் தொற்றும்.

போளூரில் குடைமிளகாய் வராது என்று தீர்ப்புச் சொல்ல விரும்புவோர், தை மாதத்துக் காயைப் பார்த்த பின்பு அதைச் சொல்லட்டும். வருகின்ற ஆவணியில் நல்ல விதை வாங்கி நான்கு நாற்றாவது விடுங்கள். நட்டபின் நீரை ஒழுங்காக ஊற்றுங்கள். மற்றவற்றைச் செடி பார்த்துக்கொள்ளும்.