இந்தக் காரின் வயது என்ன?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டனார் காலத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது. உங்கள் தந்தையார் தச்சரிடம் சொல்லிப் புதுப் பெட்டி செய்வித்து, பழைய இயந்திரத்தையே அதனுள் பொருத்துகிறார். இப்பொழுது அந்தக் கடிகாரம் பழையதா, புதியதா? கடிகாரமானால் இது வேடிக்கையான கேள்வி. அதுவே ஒரு மோட்டார் காராக இருந்தால், சட்டம் விடை கூறியே ஆகவேண்டிய கேள்வியாகிவிடுகிறது.

அமெரிக்காவில் தம் வீட்டிலேயே கார் கட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் இருக்கின்றனர். அடிச்சட்டகம், கண்ணாடியிழையாலான மேற்கூடு முதலிய பாகங்களைத் தொகுப்பாக விலைக்கு வாங்குவார்கள். எஞ்சினைப் பெரும்பாலும் ஏதேனும் பழைய காரிலிருந்து கழற்றி எடுப்பார்கள். இவற்றையெல்லாம் முடுக்கிச் சேர்த்தால் கார் தயார். இதற்குக் கிட் கார் என்று பெயர். மேற்கூடு நேற்று வார்த்தது. எஞ்சின் முப்பது ஆண்டுப் பழையது. இதன் புகையை எந்த ஆண்டின் விதிப்படி சோதிப்பது?

புகை எப்படி உண்டாகிறது?

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். அப்பொழுது கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்ச வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. எரியாத பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களும் வெளியேறுகின்றன. மேலும், எஞ்சினுக்குள் நிலவும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது.

பழைய எஞ்சின்களில் கார்புரேட்டர் என்னும் கருவிதான் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிறது. குறுகிய குழாயில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் பெட்ரோல் மேலே உறிஞ்சப்படுகிறது. நீங்கள் பாடத்தில் படித்த பெர்னூலி தத்துவமே இது. கருவி எளியது, ஆனால் துல்லியம் போதாது. குளிர்ந்த காலையில் ஒரு கலவை, மலை ஏறும்போது வேறொரு கலவை என்று விகிதம் மாறிக்கொண்டே இருக்கும்.

1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. புகைக்குழாயின் வழியிலுள்ள இப்பெட்டியில் பிளாட்டினம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். நச்சு வாயுக்கள் அவற்றின் மேல் பட்டுச் செல்லும்போது தீங்கு குறைந்த வாயுக்களாக மாறுகின்றன. பின்னர் வந்த மாற்றிகள் மேற்கூறிய மூன்று மாசுகளையும் ஒருங்கே நீக்கவல்லவை. ஆனால் கலவை 14.7 என்ற விகிதத்தை ஒட்டியே இருந்தால்தான் அவை செவ்வனே வேலை செய்யும். அதற்கு ஆக்சிஜன் உணர்வியும், அது சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலை அளந்துவிடும் மின்னணுக் கருவியும் தேவை. ஆகவே, 1965ஆம் ஆண்டு எஞ்சினில் ஒரு மாற்றியை மட்டும் மாட்டிவிட்டு, இன்றைய காரைப் போல் நடந்துகொள் என்றால் அது நடந்துகொள்ளாது. எஞ்சினின் வயதைச் சட்டம் கேட்பதற்கு இதுவே காரணம்.

கலிபோர்னியாவின் விடை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி மலைகள். மேலே வெப்பக்காற்று ஒரு மூடிபோல் அமைந்து, கீழுள்ள காற்றை எழவிடாமல் அடைத்துவிடுவது அங்கே அடிக்கடி நிகழும். அந்நகரில் கண்ணை எரிக்கும் புகைப்பனி ஏன் உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி. அதற்குமுன் அவர் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்! கார்ப் புகையின் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். ரப்பரையே வெடிக்கச் செய்யும் அந்த ஓசோன் நுரையீரலை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

1984இல் கலிபோர்னியாவில் கார்ப் புகையைக் காலந்தோறும் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. இன்று அங்கே 1975 மாடலுக்கும் அதற்கு முந்திய மாடல்களுக்கும் இச்சோதனை இல்லை. கிட் கார்களுக்காக 2001ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி, ஒவ்வோர் ஆண்டும் முதலில் விண்ணப்பிக்கும் 500 கார்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. எஞ்சினின் ஆண்டுப்படி சோதிப்பதா, மேற்கூட்டின் ஆண்டுப்படி சோதிப்பதா என்பதை உரிமையாளரே தேர்ந்துகொள்ளலாம். நடுவர் ஒருவர் காரைப் பார்வையிட்டு, அது எந்த ஆண்டின் எஞ்சினை அல்லது மேற்கூட்டை ஒத்திருக்கிறது என்று முடிவு செய்வார். எதையும் ஒத்திராவிட்டால் 1960ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காரைப் போன்ற புதுக்கூட்டில் 1985ஆம் ஆண்டு எஞ்சினைப் பொருத்துகிறார். எஞ்சினைத் தேர்ந்தால், 1985 மாடலுக்குரிய மாசுத்தடுப்புச் சாதனங்கள் இருக்கவேண்டும், சோதனையிலும் தேறவேண்டும். கூட்டைத் தேர்ந்தால் கார் 1932 மாடல், சோதனையே இல்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கட்டுப்பாடுகள் வருமுன் அமெரிக்கக் கார் ஒன்று மைலுக்கு ஏறத்தாழ 84 கிராம் கார்பன் மோனாக்சைடு வெளியிட்டது. 1975 மாடலுக்குக் கலிபோர்னியா விதித்த உச்சவரம்பு 9 கிராம். பொழுதுபோக்குக் கார் ஆண்டுக்கு 1,000 மைல் ஓடுவதாகக் கொள்வோம். பழைய வகைக் கார்கள் 500 ஓடினால், 84 × 1,000 × 500 = 4,20,00,000 கிராம், அதாவது 42 டன். உச்சவரம்புக்கு உட்பட்டிருந்தால் நாலரை டன்தான். லட்சக்கணக்கான கார்கள் ஓடும் மாநிலத்தில் 42 டன் சிறிய அளவே. 500 என்ற வரம்பின் பயன் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இவ்வாண்டு வந்த 500 கார்கள் அடுத்த ஆண்டு மறைந்துவிடுவதில்லை. அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலும் 500 சேர்கின்றன. எல்லாமே பழைய வகையாக இருந்தால், பத்தாம் ஆண்டில் 5,000 கார்கள் அவ்வோராண்டில் மட்டும் 420 டன் வெளியிடும்.

எஞ்சினின் வயதைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஓர் இயந்திரத்தால் இயலாததை அதனிடம் கேட்பதில் பயனில்லை அல்லவா? ஆனால் மேற்கூட்டின் வடிவத்துக்கும் புகைக்கும் என்ன தொடர்பு? 1985ஆம் ஆண்டு எஞ்சினால் தூய்மையாக ஓட முடியும். அதன்மேல் 1932ஆம் ஆண்டுக் கூட்டைக் கவிழ்த்துவிட்டதால் அந்தத் திறமை போய்விடாது. என் கருத்தில், இச்சட்டத்தின் வலுவற்ற இடம் இதுவே. மறுபுறம், தம் கையாலேயே ஒரு காரைக் கட்டி முடித்தவரின் உழைப்பையும் ஆர்வத்தையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நீங்கள் அந்த நடுவராக இருந்தால் எந்த விதியை வகுப்பீர்கள்? வகுப்பில் இரு கட்சியாகப் பிரிந்து விவாதித்துப் பாருங்கள். வாதத்தைத் தொடங்குமுன், மேலே உள்ள கணக்கை ஆண்டுக்கு 3,000 மைல் என்று வைத்து ஒருமுறை போட்டுவிடுங்கள்.