கல் வளைவு ஏன் விழுவதில்லை?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷியர் வட்டாரத்தில் ஸ்டோ என்னும் பழைய பிரபு குடும்பத்து மாளிகை உள்ளது. அதன் தெற்கே, குன்றின்மேல் நிற்கிறது கொரிந்திய வளைவு என்னும் கல் நுழைவாயில். தாமஸ் பிட் 1765இல் வடிவமைத்தார். உயரம் 60 அடி, அகலமும் 60 அடி. பக்கிங்ஹாம் நகரிலிருந்து நீண்ட சாலையில் வருபவர்களுக்கு, மாளிகை இந்த வளைவின் நடுவே சட்டமிட்ட படம்போல் தெரியும்.

அகன்ற வாசலுக்கு மேலே ஒரே நீளக் கல்லைப் படுக்க வைத்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். பாரம் ஏறினால் அந்தக் கல் சற்றே வளையும். மேற்பகுதி அமுங்கும், அடிப்பகுதி இழுபடும். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால் அடியில் விரிசல் விடும்.

வளைவு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அதன் கற்கள் ஆப்பு வடிவில், மேலே அகன்றும் கீழே குறுகியும் செதுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கல்லும் கீழே நழுவ முயலும்போது பக்கத்துக் கற்களை நெருக்குகிறது. ஆக, எல்லாக் கற்களும் அமுக்கத்திலேயே இருக்கின்றன. கட்டும்போது மரச்சட்டம் கற்களைத் தாங்கும். கடைசியாக உச்சிக்கல்லை வைத்த பிறகே சட்டத்தை அகற்றலாம்.

ஆனால் வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை; இரு பக்கங்களையும் வெளியே தள்ளுகிறது. பக்கங்கள் விலகினால் உச்சிக்கல் இறங்கி, வளைவே சரியும். எனவே பக்கங்கள் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். மேலிருந்து அழுத்தும் கனம், வெளியே தள்ளும் விசையைக் கீழ்நோக்கித் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. உச்சியில் இருக்கும் பெரிய கல்மாடம் வெறும் அழகுக்கல்ல என்பது இப்போது புரிகிறதா?

கொரிந்திய வளைவின் அகன்ற பக்கங்கள் வீணாகவும் இல்லை. அவற்றுக்குள் நான்கு மாடி கொண்ட இரண்டு வீடுகள் அமைக்கப்பட்டன!

செய்து பாருங்கள்: வழுவழுப்பான மேசையில் இரண்டு மெல்லிய புத்தகங்களைச் சற்று இடைவெளி விட்டுப் படுக்க வையுங்கள். நீளமான தடித்த அட்டையை வளைத்து, அதன் முனைகள் புத்தகங்களின் உட்பக்கத்தைத் தொடுமாறு நிறுத்துங்கள். உச்சியை விரலால் மெதுவாக அழுத்தினால் புத்தகங்கள் விலகும். இப்போது அவற்றின்மேல் கனமான அகராதிகளை ஏற்றி, மீண்டும் அதே அளவு அழுத்துங்கள். புத்தகங்கள் நகர மறுக்கும், வளைவும் நிற்கும்.