ஆடும் தளமும் இரண்டாவது அடுக்கும்

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் தூண்களின்மேல் எழுப்பிய பலகை வீடுகள் பல இருந்தன. அத்தகைய வீட்டில் இன்றும் வாழ்வோர், தளம் ஆடினால் அதன்மேல் பிளைவுட் அடித்தால் போதும் என எண்ணுவதுண்டு. அது சரிதானா என்பதை ஆராய்வோம்.

மேலடுக்கு, கீழ்ப்பலகையின் பழுதைத் தீர்ப்பதில்லை, மறைக்கவே செய்யும். வீட்டடியில் தங்கும் ஈரமும் கறையானுமே பலகையைக் கெடுப்பன. ஆகவே, முதலில் நீர் தேங்காமல் வடிகால் அமைப்போம். அடிச்சட்டங்களையும் சோதிப்போம். உளுத்த பலகைகளை மாற்றி, ஆடுவனவற்றைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குவோம். துருத்திய ஆணிகளை உள்ளே அடிப்போம்.

பின்னரே பிளைவுட்டை விரித்தல் வேண்டும். அதன் மூட்டுகள் கீழ்ப்பலகை மூட்டுகளுக்கு நேரே அமைதல் கூடாது. நான்கு மூலைகள் ஓரிடத்தில் கூடுதலும் ஆகாது. ஈரத்தில் பிளைவுட் விரியுமாதலால், தகடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டரும் சுவரோரம் 6 மில்லிமீட்டரும் இடைவெளி விடுவோம். ஓரங்களில் 6 அங்குலத்திற்கு ஒன்றும், நடுவில் 8 அங்குலத்திற்கு ஒன்றுமாகத் திருகாணி இடுவோம். ஆணியைப் போல் அது எளிதில் தளராது.

வீடு தோட்டத்திற்கு உரியதாயின், முதலில் நிருவாகத்திடம் தெரிவித்தல் முறையாகும். தொழிலாளர்க்கு அளித்த வீட்டைப் பழுதின்றிப் பேணும் கடமையை, குறைந்தபட்சக் குடியிருப்புத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்கு விதித்துள்ளது. நம் குழந்தைகள் தவழும் தளம் அது; உறுதியை அடியிலிருந்தே தொடங்குவோம்.