பேஃபிள் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது?

கேள்வி: அய்யா, நான் விமானப் பராமரிப்புப் பயிற்சி மாணவன். ஹேங்கரில் நாங்கள் பழகும் செஸ்னா 172-இல், மேல்வரிசை ஸ்பார்க் பிளக் ஒயர்கள் பேஃபிள் தகட்டின் ஓட்டைகள் வழியாக வருகின்றன. ஓட்டையின் விளிம்பில் மாட்டியிருந்த ரப்பர் வளையம் (குரோமெட்) காய்ந்து நொறுங்கிவிட்டது. சிவப்பு சிலிகான் பசையை அப்பிவிட்டால் போதும் என்கிறான் நண்பன். இந்தச் சின்ன இடைவெளிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பதில்: மெனக்கெடத்தான் வேண்டும், தம்பி. என்ஜின் மூடியின் முன்வாய் இரண்டிலும் நுழையும் காற்று என்ஜினுக்கு மேலே தேங்கி, சிலிண்டர் செதில்களின் இடுக்கில் நெருக்கிப் புகுந்து, கீழே இறங்கி வெளியேறுகிறது. சிலிண்டர் குளிர்வது அந்த இறக்கத்தில்தான். மேலே தேங்கிய காற்றைக் கட்டி நிறுத்தும் வரப்புதான் பேஃபிள். வரப்பில் நண்டு வளை விழுந்தால் தண்ணீர் பயிருக்குப் போகாமல் அந்த வழியே ஓடிவிடும் அல்லவா, இங்கே நடப்பதும் அதுவே.

அப்படித் தேங்கிய காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று நினைக்கிறாய்? 75 நாட் வேகத்தில் ஏறும்போது, கடல் மட்டத்தில், ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். என்ஜின் முழு வலுவில் உழைத்து வெப்பம் கக்குவதும் இப்படி ஏறும்போதுதான். முக்கால் அங்குல ஓட்டையில் 7 மில்லிமீட்டர் ஒயர் போனால் மிச்சம் ஏறத்தாழ இரண்டரை சதுர சென்டிமீட்டர். நான்கு ஒயருக்கும் கூட்டினால் ஒரு சின்ன எலுமிச்சம்பழம் நுழையும் ஓட்டை! பல லைகமிங் என்ஜின்களில் சிலிண்டர் தலையின் உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ். நீண்ட ஆயுளுக்கு 224-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. பல பழைய விமானங்களில் வெப்பமானி ஒரே சிலிண்டரைத்தான் காட்டும். பக்கத்துச் சிலிண்டர் காய்வது விமானிக்குத் தெரியாது.

ஆனால் காற்றைவிட முதலில் ஒயரைக் காப்பாற்று. குரோமெட் போன பிறகு ஒயர் நேராகத் தகட்டின் விளிம்பில் உரசுகிறது. ஒரு விமானத்தில் அந்த உரசலால் ஒயரின் மேலுறைப் பின்னல் அறுந்து, இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்ததை நான் விரலால் தடவிப் பார்த்தேன். பசை அப்பியிருந்தார்கள், விளிம்பு அதற்குள் ஒளிந்து அறுத்துக்கொண்டிருந்தது. ஒயருக்கும் விளிம்புக்கும் கால் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் குரோமெட் கட்டாயம்.

ஆகவே, பாகப் பட்டியலைப் பார்த்து அதே எண்ணுள்ள குரோமெட்டை வாங்கு. ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் தேய்த்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டு. அதற்குப் பிறகும் இடைவெளி தெரிந்தால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை ஒயரில் சுற்றி, குரோமெட்டில் இறுக உட்காரும் அளவுக்குத் தடிமனாக்கு. நாளைக்கு அந்த ஒயரைக் கழற்ற வேண்டியிருக்கும். பசையால் கட்டிவிட்டால் கத்தியை எடுக்கத் தோன்றும், கத்தி ஒயரில் படும்.

மூலையில் மிஞ்சும் கீற்றுக்குப் பசை வைக்கலாம், தவறில்லை. ஆனால் காயும்போது வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம். அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும்; உலோகத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். அமிலம் கக்காத, வெப்பம் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கு. பெட்ரோல் படும் இடத்தில் சாதாரண சிலிகான் ஊதிப்போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதே வேலையை ஃபயர்வாலில் செய்யத் துணியாதே! அது தீயைத் தடுக்கும் சுவர். அங்கே அடைப்புப் பொருள் 1,093 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் தாங்க வேண்டும். அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட பொருள் தனி.

வேலை முடிந்ததும் ஹேங்கர் விளக்கை அணைத்துவிடு. கைவிளக்கைப் பேஃபிளின் முன்பக்கம் ஓட்டையை ஒட்டிப் பிடிக்க நண்பனிடம் சொல்லி, நீ பின்னாலிருந்து பார். ஒளி கசியும் இடத்தில் மறுபடி கை வை. பிறகு உரிமம் பெற்ற உன் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.