மறந்துபோன ஆட்டங்கள்

விளையாட்டு மக்களுக்கு இயல்பாக அமைந்தது. எனினும், மன்னர்களின் போர்களை எழுதிவைத்த உலகம், மக்கள் மகிழ்ந்து ஆடிய ஆட்டங்களை எழுதிவைக்கப் பெரும்பாலும் மறந்துவிட்டது. இம்மறதி பழங்கால ஆட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து வீடியோ விளையாட்டுக்கும் இது நேர்ந்ததுண்டு.

வீடியோ விளையாட்டு 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாங்' என்னும் ஆட்டத்தோடு தோன்றியது என்று பலர் எண்ணுவர். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க நாட்டில் அத்தகைய ஆட்டம் ஒன்று ஆடப்பெற்றது. நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் அறிஞர் பணியாற்றினார். ஆய்வுக்கூடத்தைக் காணவரும் மக்கள் அசையாப் பொருள்களையே கண்டு சலிப்புறுவதை அவர் உணர்ந்தார். அவர்களை மகிழ்விக்கக் கருதி, 1958ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டென்னிசு ஆட்டம் ஒன்றை அமைத்தார். அலைவுகாட்டி என்னும் கருவியின் சிறு வட்டத்திரையில் ஒரு கிடைக்கோடு தரையாயிற்று. குறுகிய நெடுங்கோடு வலையாயிற்று. ஓர் ஒளிப்புள்ளி பந்தாயிற்று. இருவர் குமிழைத் திருகியும் பொத்தானை அழுத்தியும் ஆடினர். அதனை ஆட மக்கள் வரிசையில் நின்று காத்திருந்தனர்.

மறு ஆண்டும் அவ்வாட்டம் காட்டப்பெற்றது. பின்னர் அதன் உறுப்புகள் வேறு பணிகளுக்கு வேண்டியிருந்தமையால், பொறி பிரிக்கப்பட்டது. ஆட்டமும் நெடுங்காலம் மறக்கப்பட்டது. ஆனால், அதன் வரைபடங்கள் எஞ்சியிருந்தன. அவற்றின் துணைகொண்டு 1997ஆம் ஆண்டில் அவ்வாய்வுக்கூடத்தினர் அதனை மீண்டும் அமைத்தனர். பொறி அழிந்தும் ஆட்டம் பிழைத்தது. வரைந்து வைத்த தாளே அதற்கு உயிர் தந்தது.

இனி, நம் பக்கத்து ஆட்டம் ஒன்றைக் காண்போம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அம்மலைமீது உள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஊர்ப்புறத்துப் பாறையில் ஒரு முக்கோணமும் அதனைக் குறுக்கே வெட்டும் கோடுகளும் செதுக்கப்பட்டிருந்தன. அதன்மேல் அமர்ந்திருந்த சிறுவர்களிடம், "இஃது என்ன?" என்று வினவினேன். "யாரோ கிறுக்கி வைத்தது, ஐயா" என்றனர். அஃது ஆடுபுலி ஆட்டத்தின் கட்டம்! கல் அழியவில்லை; ஆட்டமே அங்கு அழிந்துவிட்டது.

ஆதலின், அதன் விதியை ஈண்டுக் கூறுகின்றேன். கட்டத்தில் இருபத்து மூன்று சந்திகள் உண்டு. ஒருவர்க்குப் புலிகள் மூன்று. மற்றவர்க்கு ஆடுகள் பதினைந்து. ஆடுகளை ஒவ்வொன்றாகச் சந்திகளில் வைத்தல் வேண்டும். எல்லா ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தலாகாது. அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அப்பாலுள்ள சந்தி வெறுமையாக இருப்பின், புலி பாய்ந்து அவ்வாட்டை வெட்டும். புலிகள் மூன்றும் நகர இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. தனித்து நிற்கும் ஆடு இரையாகும். அணிவகுத்து நிற்கும் ஆடுகள் புலியையும் மடக்கும். வலிமையை ஒற்றுமை வெல்லும் என்பதை இவ்வாட்டம் சொல்லாமற் சொல்லுகின்றது.

இக்கட்டமும் விதியும் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். அவ்வேறுபாடுகள் முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அமெரிக்க ஆட்டத்திற்கு வரைபடம் இருந்தது. நம் ஆட்டங்கள் பலவற்றிற்கு அதுவும் இல்லை.

மாணவர்களே! இன்று மாலையே உங்கள் பாட்டியிடமோ பாட்டனாரிடமோ சென்று, அவர் இளமையில் ஆடிய ஆட்டம் ஒன்றைக் கேளுங்கள். கட்டத்தை வரைந்து, விதிகளை வரிசையாக எழுதுங்கள். பின்னர் அவரோடு அமர்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். எழுதியதில் பிழையிருப்பின் ஆட்டமே அதனைக் காட்டிவிடும்.