ஊர் எல்லையும் நீரின் வழியும்

செட்டிநாட்டில் ஊர்தோறும் ஊருணி உண்டு. அதனைக் காப்பதும் அவ்வூரார் கடமையே. இன்றோ குடிநீர்க் குழாய் பல ஊர் எல்லைகளைக் கடந்து வருகிறது. எனவே, அண்டை ஊர்கள் ஒன்றாய் இணைவதா, பணியை மட்டும் கூட்டாய் நடத்துவதா என்னும் வினா எழுகிறது.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதனுள் அடங்கின. இது முதல் வழி. பள்ளத்தூரிலிருந்து நோக்கும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. வசதி பெருகும் என்னும் நம்பிக்கையும், வரி உயருமோ, ஊரின் குரல் தேயுமோ என்னும் அச்சமும் ஒருங்கே எழுதல் இயல்பு.

இரண்டாம் வழி, ஒரு பணிக்கென்றே தனியமைப்பு. அமெரிக்காவில் இத்தகைய தனிப்பணி மாவட்டங்கள் 2017-இல் 38,000-க்கு மேல் இருந்தன. நம் மாநிலத்தில் 1971-இல் தோன்றிய குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைக்கிறது. காவிரி நீர் சிவகங்கை மாவட்டத்திற்கு வருவதும் இம்முறையிலேயே. ஆயினும் வாரியம் அரசின் அமைப்பு. ஊரார் வாக்களித்து அமைத்ததன்று.

இக்குறை நீங்க வழியுண்டு. 1992-ஆம் ஆண்டின் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவை வகுத்தது. நீர்ப் பகிர்வு அதன் கருத்துக்குரிய பொருள். அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினரேனும் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தம்முள் தேர்ந்தவராதல் வேண்டும். அம்மன்றம் உயிர்ப்புடன் இயங்கின், சிற்றூரும் பேரூரும் நிகராய் அமர்ந்து பேசலாம். கலந்தாய்ந்து செயற்படுதல் நம் மார்க்கம் போற்றும் நெறியுமாகும். குழாய் பொதுவாகலாம், கேட்கும் உரிமை ஊரைவிட்டு நீங்கலாகாது.